சிதம்பரத்துக்கு சைக்கிளில் போன மருமகள்

திட்டம் போடாமல் கிளம்புகிறவர்களுக்கு வழியில் சின்னச் சின்னத் தொல்லைகள் வரும். டயர் பஞ்சராகும், தங்க அறை கிடைக்காது, மழையில் நனைவார்கள். அவ்வளவுதான். சொந்தபந்தம் அத்தனையும் வேலையைப் போட்டுவிட்டு ஒரே வீட்டில் வந்து உட்காருகிற அளவுக்கு ஒரு பயணம் கெட்டுப்போக வேண்டுமென்றால், அதற்குப் பின்னால் முறையான திட்டம் இருந்தாக வேண்டும். என் பயணத்துக்கு இருந்தது. பட்டியல் எழுதி, எண் போட்டு, முக்கியமான வரிகளுக்கு அடியில் கோடும் போட்டிருந்தேன்.

நான் மென்பொருள் சோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறவள். ஒருவர் எழுதிய நிரலை வாங்கி, இது எங்கெங்கே உடையும் என்று யோசித்து வரிசையாக எழுதுவதற்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். கணவர் சரவணன் நிரல் எழுதுகிறவர். (அவர் கட்டுவார், நான் உடைப்பேன். ஜாதகத்தில் ஒன்றைத் தவிர எல்லாப் பொருத்தமும் இருக்கிறது என்றார்கள். விட்டுப்போன ஒன்று இதுவாகத்தான் இருக்க வேண்டும்.)

இது நடந்தது 2009இல், பொங்கல் முடிந்த கையோடு. எங்களுக்குக் கல்யாணமாகி அரை வருடம்கூட ஆகவில்லை. கணினிக் கம்பெனிகளில் ஆட்குறைப்பு நடந்துகொண்டிருந்த காலம். சொந்தக்காரர்கள் போனில் "சாப்டியா" என்று கேட்பதை விட்டுவிட்டு, எடுத்த எடுப்பில் "வேல இருக்குல்ல?" என்று கேட்கத் தொடங்கியிருந்தார்கள். எங்கள் இருவருக்கும் இருந்தது. சரவணனின் அலுவலகத்தில் மட்டும், கையில் வேலை குறைவு என்று எல்லோரையும் ஒரு வாரம் கட்டாய விடுப்பில் அனுப்பினார்கள். நானும் விடுப்பு எடுத்துக்கொண்டேன். புதுச்சேரியிலிருந்து வேதாரண்யம் வரை கடலோரமாக சைக்கிளில் போவது என்று முடிவானது. அதற்காகவே அவர் தன் மோட்டார் பைக்கை விற்றுவிட்டு, கியர் வைத்த சைக்கிள் இரண்டு வாங்கியிருந்தார்.

வழியில் என்னென்ன கெடலாம் என்று நான் எழுதிய பட்டியலில் பஞ்சர், வெயில், நாய், முழங்கால் வலி, வயிற்றுப்போக்கு எல்லாம் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் எதிரே தீர்வும் இருந்தது. எடுத்துப் போகக் கூடாதவை என்று இன்னொரு பட்டியல். அதில் முதல் வரி: தங்கம். பைக்கில் வந்து கழுத்துச் சங்கிலியை அறுத்துக்கொண்டு போகிற செய்திகளாகப் படித்துப் படித்து வந்த எச்சரிக்கை. தாலிச் சங்கிலி உட்பட எல்லாவற்றையும் லாக்கரில் வைத்துவிட்டு, தாலியை மஞ்சள் கயிற்றில் கோத்துக் கட்டிக்கொண்டேன். காதில் பிளாஸ்டிக் பொட்டுத் தோடு. கை இரண்டும் காலி. இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு செல்போன், சரவணனுடையது, போதும். அதையும் அணைத்தே வைத்திருந்தால் பேட்டரி மிச்சம். (இந்த வரிக்கு அடியில் இரண்டு கோடு.)

பட்டியலில் இல்லாமல் போனது சொந்தக்காரர்கள்தான்.

அவர்களைப் பற்றி யோசிக்காமலும் இல்லை. சொல்லப்போனால் அந்தப் பயணத்தில் எனக்கு இருந்த ஒரே கவலை அவர்களில் ஒருவரைப் பற்றியதுதான். என் மாமனாரின் அக்கா சிதம்பரத்தில் இருக்கிறார். முறைப்படி எனக்குப் பெரியம்மா. ஆனால் அந்தக் குடும்பத்தில் எல்லோருக்கும் அவர் 'சிதம்பரத்து அத்தை'தான், எனக்கும் அப்படியே ஆகிவிட்டது. எங்கள் கல்யாணத்துக்கு அவர் வரவில்லை. அப்போது மாமனாருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டதால், அந்தப் பக்கம் போகிற உறவினர் ஒருவரிடம் பத்திரிகையைக் கொடுத்தனுப்பிவிட்டார். கூடப்பிறந்த அக்காவுக்குத் தட்டில் வெற்றிலை பாக்கோடு தம்பி நேரில் வந்து வைக்க வேண்டிய பத்திரிகை. அத்தை அதை வாங்கி சாமி படத்துக்கு முன்னால் வைத்தார், கல்யாணத்தன்று வீட்டிலேயே இருந்துவிட்டார். அன்றிலிருந்து அக்காவுக்கும் தம்பிக்கும் பேச்சு இல்லை.

மாமனார் அதிகம் பேசாதவர். நாங்கள் சென்னையில் மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோது அறை வாசலில் வந்து நின்றார்.

"சிதம்பரத்த தாண்டித்தான போறீங்க. அக்கா வீட்ல ஒருவேள சாப்ட்டுட்டுப் போங்கம்மா."

"சரி மாமா."

"நல்லபடியா போயி நில்லு. அவ மனசு மாறுனா ஒன்னப் பாத்துதான் மாறணும்." அதற்குமேல் நிற்காமல் போய்விட்டார்.

மருமகளாக வந்தபிறகு அவர் என்னிடம் கேட்ட முதல் உதவி அது. சரவணன் அத்தைக்குப் போன் போட்டார். "புதுப்பொண்ண அழைச்சிகிட்டு வா, விருந்து வைக்கணும்" என்று சொல்லி அத்தை உடனே போனை வைத்துவிட்டாராம். ஆகவே சிதம்பரத்துக்கென்று தனித் திட்டம் ஒன்று எழுதினேன். சைக்கிளோடு அத்தை வீட்டு வாசலில் போய் நிற்கக் கூடாது. முதலில் லாட்ஜில் குளியல். பையின் அடியில் மடித்து வைத்திருக்கும் பட்டுப்புடவை. கழுத்துக்கும் கைக்கும்? அதற்கும் வழி இருந்தது. சிதம்பரம் கவரிங் நகைக்குப் பேர்போன ஊர். கடைத்தெருவில் ஒரு செட் வாங்கிப் போட்டுக்கொண்டால் திருட்டுப் பயமும் இல்லை, கழுத்தும் நிறைந்திருக்கும். அப்புறம் ஆட்டோ. இவ்வளவு கச்சிதமாகத் திட்டம் போடுகிற மருமகள் அந்தக் குடும்பத்துக்குக் கிடைத்ததை நினைத்து எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

முதல் நாள் புதுச்சேரியிலிருந்து கிளம்பி கடலூரில் தங்கினோம். மறுநாள் விடிந்ததும் புறப்பட்டோம். முதுநகர் தாண்டி குடிகாடு வந்ததும், ரசாயனத் தொழிற்சாலைகளின் நெடிக்குப் பயந்து, அந்த வழியாகப் போகிறவர்கள் செய்வதுபோல மூக்கைத் துண்டால் கட்டிக்கொண்டோம். தலையில் ஹெல்மெட், கண்ணில் கறுப்புக் கண்ணாடி, மூக்கில் துண்டு. நான் அணிந்திருந்தது சரவணனின் பழைய டிராக் பேண்ட். ஆலப்பாக்கம் வந்தபோது காற்று மாறிவிட்டது. ஒரு டீக்கடையில் நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றி, துண்டையும் அவிழ்த்தோம். அவிழ்க்காமலே டீ குடித்திருக்கலாம்.

"டேய், சரவணா?"

மொபெட்டில் போய்க்கொண்டிருந்த ஒருவர் காலை ஊன்றி நிறுத்தினார். சரவணனின் ஒன்றுவிட்ட சித்தப்பா கோவிந்தசாமி. அந்தப் பக்கம் ரைஸ்மில் வைத்திருக்கிறவர். கல்யாணத்தில் பந்தி விசாரித்தவர் என்பதால் எனக்கும் முகம் நினைவிருந்தது.

"என்னாடா இது கோலம்? வண்டி எங்க?"

"வித்துட்டன் சித்தப்பா."

"வித்துட்டியா?"

"இனிமே இதான்." சரவணன் சைக்கிள் சீட்டைத் தட்டிக் காட்டினார். பெருமையாகத்தான் தட்டினார்.

"வேல நாளாச்சே. ஆபீஸ் இல்ல?"

"வர வேணாம்னு சொல்லிட்டாங்க சித்தப்பா."

('இந்த வாரம்' என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொன்னால் என்ன என்று இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறேன். டீ சூடாக இருந்தது என்கிறார்.)

கோவிந்தசாமி மாமா மொபெட்டை ஸ்டாண்டு போட்டுவிட்டு இறங்கினார். என் கழுத்தைப் பார்த்தார். காதைப் பார்த்தார். வெறுங்கையைப் பார்த்தார். மறுபடியும் கழுத்துக்கு வந்தார். அவர் பார்வை எனக்குப் புரிந்தது. எதையும் அரைகுறையாக விடுவது என் வழக்கமில்லை.

"நகையெல்லாம் லாக்கர்ல வச்சிருக்கோம் மாமா. பத்திரமா இருக்கு."

"இருக்கட்டும்மா, இருக்கட்டும்." அவர் குரல் சட்டென்று இறங்கியது. "இப்ப என்னா அவசரம். நல்ல காலம் வந்தா தன்னால கழுத்துக்கு வந்துரப் போவுது."

டீக்குக் காசு கொடுக்க எங்களை விடவில்லை. கடையில் தொங்கிய வாழைப்பழச் சீப்பு ஒன்றை வாங்கி என் சைக்கிள் கைப்பிடியில் மாட்டினார். சரவணனின் தோளில் கையை வைத்து, எடுக்காமல் வைத்துக்கொண்டே இருந்தார்.

"என்னா வந்தாலும் ரெண்டு பேரும் ஒண்ணா இருக்கீங்க பாரு. அது போதும். எங்க போறீங்க?"

"அத்த வீட்டுக்கு."

"போங்க. கரெக்டான எடத்துக்குத்தான் போறீங்க."

"பாசக்கார மனுஷன்" என்றார் சரவணன், கொஞ்ச தூரம் வந்தபிறகு. நான் திரும்பிப் பார்த்தேன். மாமா மொபெட்டில் சாய்ந்து நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார். மில் விஷயமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு வந்த சாலை அந்தப் பயணத்திலேயே அழகான சாலை. அறுவடைக் காலம். இரண்டு பக்கமும் வயலில் ஆட்கள். சாலையிலேயே கதிரைப் பரப்பியிருந்தார்கள். லாரியும் பஸ்ஸும் ஏறி ஏறி நெல்லை உதிர்த்துக் கொடுத்துவிட்டுப் போயின. ஐந்தாவது கியரில் மிதந்துகொண்டிருந்த நான் ஒரு வைக்கோல் பரப்பில் நுழைந்தேன். வைக்கோல் என் பின்சக்கரத்துப் பற்களில் ஒழுங்காகச் சுற்றிக்கொண்டு நின்றது. சாலையோரம் சைக்கிளைக் கவிழ்த்து, இருவரும் உட்கார்ந்து பிடுங்கினோம். கை முழுக்கக் கறுப்பு மசகு. முகத்தைத் துடைத்தேன், அங்கேயும் வந்தது.

கதிரைப் புரட்டிக்கொண்டிருந்த பெண்கள் கிட்டே வந்து நின்றார்கள்.

"வேளாங்கண்ணிக்கா கண்ணு?" என்றார் ஒருவர்.

"இல்லக்கா, சும்மாதான். வேதாரண்யம் வரைக்கும்."

"சும்மாவா?" அவர் பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தார். "வேண்டுதல வெளிய சொல்லக் கூடாதுடி. அதான் சொல்ல மாட்டேங்குது. கொழந்த வரமாத்தான் இருக்கும்."

"கல்யாணமாயி அஞ்சு மாசந்தாங்க்கா ஆவுது" என்றேன்.

"அதுக்குள்ள சைக்கிள்ல ஏத்திட்டாங்களா மாமியா வூட்ல" என்றாள் இளையவள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றைக்கு நான் நிம்மதியாகச் சிரித்தது அப்போதுதான்.

வெள்ளாற்றுப் பாலத்தில் நின்று வாழைப்பழம் சாப்பிட்டோம். சிதம்பரத்துக்குள் நுழைந்தபோது எல்லாம் திட்டப்படியே இருந்தது. லாட்ஜில் குளித்தேன். போனைச் சார்ஜில் போடலாமென்றால் கரண்டு இல்லை. அந்த வருடம் கரண்டு இருந்தால்தான் செய்தி. அணைத்து வைத்திருந்த போனை அப்படியே கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். புடவை கட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனோம். கடைக்காரர் சங்கிலிகளைச் சரம் சரமாக எடுத்துப் போட்டார். நான் வெளிச்சத்தில் பிடித்து, உரசிப் பார்த்து, நிறத்தை ஒப்பிட்டு, அசல் போலவே இருந்த இரட்டை வடச் சங்கிலியையும் வளையலையும் ஜிமிக்கியையும் எடுத்தேன். ஆறு மாசம் கேரண்டி என்றார் கடைக்காரர். எனக்கு ஒரு மத்தியானம் போதும்.

"எப்படி இருக்கு?" என்று சரவணனைக் கேட்டேன்.

"பேங்குலேந்து எடுத்த மாதிரியே இருக்கு" என்றார்.

அத்தை வீடு மேல வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில். ஆட்டோவை விட்டு இறங்கியதும் நான் பார்த்தது செருப்புகளை. வாசலிலிருந்து தெரு வரைக்கும் கிடந்தன. ஒரு மருமகளின் விருந்துக்கு இவ்வளவு பேரா என்று மனசு குளிர்ந்தது. உள்ளே போனோம். கூடத்தில் பேச்சு நின்றது. பாய் விரித்து உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர் கோவிந்தசாமி மாமா. எங்களுக்கு முன்னால் மொபெட்டில் வந்து சேர்ந்திருந்தார். ஒருவர் முகத்திலும் விருந்து வீட்டுக் களை இல்லை.

அத்தை எழுந்து வந்தார். உயரமான, கனத்த உருவம். நாங்கள் காலில் விழுந்து எழுந்தோம். என் முகவாயைப் பிடித்து நிமிர்த்தினார். அவர் பார்வை என் கழுத்தில் நின்றது. விரலால் சங்கிலியின் ஒரு கண்ணியைத் தொட்டார். தூக்கிக்கூடப் பார்க்கவில்லை.

இந்த இடத்தில் என் திட்டத்தின் ஓட்டையைச் சொல்லிவிடுகிறேன். கவரிங்குக்குப் பேர்போன ஊரில் நாற்பது வருடமாகக் குடியிருக்கிற பெண்மணியின் முன்னால், அதே ஊர்க் கடைத்தெருவில் அரைமணி நேரத்துக்கு முன் வாங்கிய கவரிங்கைப் போட்டுக்கொண்டு போய் நின்றேன். திருநெல்வேலிக்குப் போய் அல்வா என்று வேறு எதையாவது நீட்டுவது போன்ற காரியம்.

அத்தைக்குக் கண் கலங்கியது. என் கையைப் பிடித்து உள்ளறைக்கு அழைத்துப் போனார். பீரோவைத் திறந்து, ஒரு சங்கிலியை எடுத்தார். தேய்ந்த, பழைய, அசல் தங்கம்.

"அத கழட்டு."

"அத்த, அது வந்து..."

"கழட்டுன்னேன். புதுப்பொண்ணு கழுத்துல இதயா போட்டுகிட்டுத் திரியிறது. நான் எதுக்கு இருக்கேன்."

சங்கிலி என் கழுத்துக்கு வந்துவிட்டது. கூடத்துக்குத் திரும்பினோம். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். அப்போதுதான் எனக்கு விளங்கியது. வண்டியை விற்றாகிவிட்டது, வேலை போய்விட்டது, நகை அடகில் இருக்கிறது, போனை அணைத்து வைத்துக்கொண்டு கடன்காரர்களுக்குப் பயந்து சைக்கிளில் ஊர் ஊராகப் போகிறோம். அவர்கள் மேல் தப்பில்லை. அவர்களுக்குக் கிடைத்த தகவலை வைத்து நானும் அதே முடிவுக்குத்தான் வந்திருப்பேன்.

நான் பதற்றப்படாதவள். பதற்றப்படாதவர்கள் செய்கிற தப்பைச் செய்தேன். நடுக்கூடத்தில் நின்று, வரிசையாக விளக்கினேன்.

"ஒண்ணு, அவருக்கு வேல இருக்கு. இது ஒரு வாரம் லீவு. ரெண்டு, பைக்க வித்தது இந்த சைக்கிள் வாங்கறதுக்காக. மூணு, நகை லாக்கர்ல இருக்கு. திருட்டுப் பயத்துக்காக வச்சது. நாலு, போன அணைச்சது பேட்டரிக்காக."



"பாத்தீங்களா" என்றார் கோவிந்தசாமி மாமா மெதுவாக. "நம்பர் போட்டுச் சொல்லுது. வழியெல்லாம் பேசி வச்சிகிட்டு வந்திருக்குங்க பாவம்."

"வித்துதான் சைக்கிள் வாங்குனேன் சித்தப்பா" என்றார் சரவணன்.

"மோட்டார் வண்டிய வித்து எவனாவது சைக்கிள் வாங்குவானா?" என்று கேட்டார் அத்தையின் கணவர். நியாயமான கேள்வி. அவர் சரவணனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். "மாப்ள, வெக்கப்படாத. இங்க தெரிஞ்சவரு ஸ்கூல் ஒண்ணு நடத்துறாரு. கம்ப்யூட்டர் வாத்தியாரு வேணுமாம். காலையிலயே பேசிட்டேன். நாளைக்கே வந்து சேந்துக்கச் சொல்றாரு."

"மாமா, எனக்கு வேல இருக்கு."

"அதான் இருக்குன்னு சொல்றேன். நாளையிலேந்து."

அப்போது வாசலில் ஏதோ கனமான வண்டி நின்று இருமியது. எட்டிப் பார்த்தேன். குட்டியானை என்று சொல்வார்களே, சின்னச் சரக்கு வண்டி, அது. முன்சீட்டிலிருந்து இறங்கியது என் அப்பா. பின்னால் கயிறு போட்டுக் கட்டி நின்றது அவருடைய மோட்டார் பைக்.

அப்பாவுக்குத் திட்டக்குடியில் உரக்கடை. கடையைப் பூட்டினார் என்றால் அது சாவு அல்லது கல்யாணம். பிறகு விசாரித்ததில் செய்தி வந்த வழி தெரிந்தது. கோவிந்தசாமி மாமா அத்தைக்குச் சொல்ல, அத்தை சென்னையில் தம்பிக்கு, அதாவது என் மாமனாருக்கு, போன் போட்டுக் கத்த, மாமனார் பதறிப்போய் சம்பந்திக்குச் சொல்ல, அப்பா எங்கள் போனுக்கு முயன்று பார்த்துவிட்டு வண்டி பிடித்து ஸ்ரீமுஷ்ணம் வழியாக வந்திருக்கிறார்.

அப்பா உள்ளே வந்து என்னைப் பார்த்தார். சரவணனிடம் போய் பைக் சாவியை நீட்டினார்.

"கல்யாணத்துல வண்டி வாங்கித் தரேன்னேன். நீங்க வேணாம்னீங்க மாப்ள. நானும் விட்டுட்டேன். விட்டிருக்கக் கூடாது." சாவியை அவர் கையில் வைத்து மூடினார். "என் வண்டிதான். நல்லா ஓடும். எம்பொண்ணு சைக்கிள் மிதிச்சிகிட்டு வந்தான்னு நாலு பேரு பேச வேணாம்."

அதுவரை வரிசை எண் போட்டுப் பேசிக்கொண்டிருந்த நான் அழுதுவிட்டேன். பைக்கைப் பார்த்து அழுதேனா, அப்பாவின் கசங்கிய கடைச் சட்டையைப் பார்த்து அழுதேனா, தெரியாது. கூடத்தில் சந்தேகத்தோடு இருந்த ஓரிரண்டு பேரும் அந்த அழுகையைப் பார்த்ததும் முழுசாக நம்பிவிட்டார்கள். யாரோ ஒரு அம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"எத்தன தடவம்மா போன் போட்டேன்" என்றார் அப்பா. "அதயாவது எடுத்திருக்கலாம்ல."

கைப்பையிலிருந்து போனை எடுத்து உயிர்ப்பித்தேன். தவறிய அழைப்புகளின் செய்திகள் வந்து விழுந்துகொண்டே இருந்தன. அவை நிற்பதற்குள் போன் அடித்தது. ஏதோ புது நம்பர்.

"எடுக்காத" என்றார் கோவிந்தசாமி மாமா. "கடன்காரன்."

"குடு இங்க" என்று அத்தை கையை நீட்டி வாங்கிவிட்டார். எந்தப் பொத்தானைத் தொட்டாரோ, ஸ்பீக்கரில் பேசியது.

"ஹலோ, சரவணனா?"

"நான் அவன் அத்த பேசுறேன். பையன் குடும்பத்தோட இருக்கான். எதுவா இருந்தாலும் எங்கிட்ட சொல்லுங்க."

"மேடம், நான் அவரு மேனேஜர். அவரு எழுதுன புரோகிராம் காலையிலேந்து ஓடல. கிளையண்ட் கத்துறான். லீவுன்னா போன ஆஃப் பண்ணிட்டுப் போயிடறதா? கொஞ்சமாவது பொறுப்பு வேணாமா?"

அத்தை எங்களைப் பார்த்தார். கூடமே போனை நோக்கிச் சாய்ந்தது.

"அதுக்கு இப்ப அவன் என்னா செய்யணும்?"

"என்ன செய்யணுமா? லீவெல்லாம் கேன்சல். நாளைக்கிக் காலையில சீட்ல இருக்கணும்."

"எந்த சீட்ல?"

"அவரு சீட்லதான் மேடம்."

"ஒங்க கம்பெனியிலயா?"

"பின்ன எந்தக் கம்பெனியில?"

அத்தை போனை மார்போடு வைத்துக்கொண்டு கூடத்துக்கு அறிவித்தார்: "திட்றாரு. வேல இருக்கு." பிறகு போனைச் சரவணனிடம் கொடுத்தார். "இந்தா. நல்லா வாங்கிக் கட்டிக்க."

சரவணன் மூலையில் நின்று நெடுநேரம் திட்டு வாங்கினார். இருபது பேர் மலர்ந்த முகத்தோடு அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் திட்டு வாங்குவதில் குடும்பமே இவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை. கோவிந்தசாமி மாமா மட்டும் எழுந்து மொபெட் சாவியைத் தேடினார். "ரைஸ்மில் தொறந்து கெடக்கு" என்றார், பொதுவாக.

"ஒக்காரு" என்றார் அத்தை. "சாப்ட்டுட்டுப் போ."

எல்லாம் தெளிந்தபிறகுதான் எனக்குப் பயம் வந்தது. அத்தை ஏமாந்துவிட்டதாக நினைத்தால்? பரிதாபப்பட்டுச் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தவர், நாங்கள் உல்லாசமாக சைக்கிள் ஓட்டியவர்கள் என்று தெரிந்தால்? மாமனார் கேட்டது ஒரே ஒரு உதவி. சங்கிலியின் கொக்கியில் கையை வைத்தேன்.

"கழட்டாத" என்றார் அத்தை, திரும்பிப் பார்க்காமலே. "போட்டது போட்டதுதான்."

அத்தையின் கணவர் தொண்டையைக் கனைத்தார். "ஒன் தம்பி பஸ் ஏறிட்டான். பாதி வழி வந்திருப்பான். போன் பண்ணி, ஒண்ணுமில்ல திரும்பிப் போன்னு சொல்லிரலாமா?"

அத்தை இலைக்கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார். ஒரு இலையை எடுத்துத் துடைத்தார். இன்னொன்றை எடுத்துத் துடைத்தார்.

"வேணாம். வரட்டும்" என்றார். "பத்திரிக வைக்கத்தான் வரல. சாப்புடவாச்சும் வரட்டும்."

சாயங்காலம் மாமனார் வந்தார், தோளில் ஒரு பையோடு. அத்தை வாசலில் நின்றிருந்தார்.

"வேல போவலயாம்டா" என்றார் அத்தை.

"தெரியும்க்கா. திண்டிவனம் தாண்டறப்ப சரவணன் போன் பண்ணுனான்."

"அப்பறம் ஏன் வந்த?"

மாமனார் செருப்பைக் கழற்றி மற்றச் செருப்புகளோடு ஒழுங்காக வைத்தார். "டிக்கட் எடுத்துட்டேன்ல" என்றார்.

அத்தை வழியை விட்டு ஒதுங்கினார். அதற்குமேல் அவர்கள் அதைப் பற்றிப் பேசியதாக எனக்குத் தெரியாது. மாமனார் இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார். கை கழுவப் போகிற வழியில் என் பக்கத்தில் ஒரு நொடி நின்றார். "நல்லபடியாத்தான் போயி நின்னுருக்க" என்றார். கிண்டலா பாராட்டா என்று முகத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியவில்லை.

எங்கள் சைக்கிள் பயணம் சிதம்பரத்தோடு முடிந்தது. சைக்கிள்கள் குட்டியானையில் திட்டக்குடிக்குப் போயின. அப்பா தன் பைக்கை ஓட்டிக்கொண்டு பின்னால் போனார். நாங்கள் பஸ்ஸில் சென்னை வந்தோம். வேதாரண்யத்தை நாங்கள் இன்னும் பார்க்கவில்லை. அத்தையின் சங்கிலி என்னிடம்தான் இருக்கிறது. என் கவரிங் செட் அத்தையின் பீரோவில் இருக்கிறது. குடும்பத்துக்கு யார் மருமகளாக வந்தாலும் விருந்தன்று அதை எடுத்துக் காட்டி, கதையை முதலிலிருந்து சொல்கிறார். ஆறு மாத கேரண்டி எப்போதோ முடிந்துவிட்டது. நிறம் மட்டும் மங்கவில்லை என்று கடைக்காரரின் சார்பில் அத்தையே சாட்சி சொல்கிறார்.

போன மாதம் எங்கள் மகளுக்கு மூன்று சக்கர சைக்கிள் ஒன்று வாங்கினோம். அவள் அதில் உட்கார்ந்திருக்கிற படத்தைச் சொந்தக்காரர்களுக்கு அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் சிதம்பரத்திலிருந்து போன். ஸ்பீக்கரில் போட்டேன்.

"பாப்பாவுக்கு சைக்கிளு வாங்கியிருக்கீங்களாமே."

"ஆமா அத்த."

அத்தையின் குரல் இறங்கியது.

"சரவணனுக்கு வேல இருக்குல்ல?"

உள்ளேயிருந்து சரவணன் குரல் கொடுத்தார். "இருக்கு அத்த. இன்னிக்கிக் காலையிலகூட மேனேஜர் திட்டுனாரு."

"அப்பச் சரி" என்று அத்தை போனை வைத்தார்.